அத்தாவின் ஹெரால்டும் அக்காவின் கால் பங்கும்



சென்ற ஆண்டு ஷஅபான் மாதம் என் மகன் விடுப்பில் அரூருக்கு வந்திருந்தான். பெங்களூருவில் வாகனப் பொறியியல் துறையில் வேலை செய்கிறான். வந்த மறுநாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்து திரும்பியதும் நேராகக் கொட்டகைக்குச் சென்று, தார்ப்பாயை விலக்கி, என் அத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டி, “வாப்பா, இதற்குத் தானாகவே இறுகியும் தளர்ந்தும் கொடுக்கும் சஸ்பென்ஷன் போடலாம். ஓடும்போதே சாலைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்” என்றான். செலவைக் கேட்டேன். அந்தக் காரை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையைவிட அது அதிகம்.

ஹெரால்டைப் பார்த்திராத இளைய தலைமுறைக்குச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதை இங்கே தயாரித்தது. 948 சிசி எஞ்சின்தான். இன்றைய சிறிய கார்களோடு ஒப்பிட்டால் வலு குறைவு. ஆனால் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டமடித்துத் திரும்பிவிடும். அரூர் கடைவீதியில் சந்தை நாளன்று அத்தா ஒரே திருப்பில் காரைத் திருப்பிக்கொண்டு வருவதைப் பார்க்கவே சிறுவர்கள் நிற்பார்கள்.

இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விவரம் அறிந்தவர்கள் சிரிக்கக்கூடும். எனினும் 1962இல் வந்த புகழ்பெற்ற டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே முன் பின் அமைப்புகளின் மேல் எழுப்பப்பட்டதுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன. என் மகனுக்கு இவை அனைத்தும் மனப்பாடம். எனக்கோ, அது அத்தா 1976இல் சேலத்தில் ஒருவரிடமிருந்து வாங்கி வந்த 1969ஆம் ஆண்டு வண்டி. புளி வியாபாரத்துக்காக லீ பஜாருக்குப் போகும்போது ஓட்டிச் சென்ற வண்டி. அவ்வளவுதான்.

மகன் காட்டியது என்ன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. புரிந்த அளவில் எழுதுகிறேன். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் சும்மா இருக்காது. மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெயினூடே ஒரு பிஸ்டன் நகர்கிறது. பிஸ்டனில் உள்ள நுண்துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. ஆட்டத்தின் வேகம் வெப்பமாகிக் கரைகிறது. துளையைச் சிறிதாக்கினால் இறுக்கம், பெரிதாக்கினால் தளர்வு. ஒரு குமிழைக் கையால் திருகி இதை மாற்றுவது பழைய முறை. மின்னணு உணரிகள் சாலையைக் கணித்து அந்தந்தக் கணத்தில் மாற்றுவது புதிய முறை. இதிலே ஒரு விந்தையான வகையும் உண்டு. எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்துவிடுகிறார்கள். மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டானதும் துகள்கள் வரிசை கட்டி நின்று எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. மின்சாரம் நின்றால் மீண்டும் நீர்மை. 2002இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் இது முதலில் வந்தது.

இவையெல்லாம் ஆட்டத்தை அடக்குவதோடு நிற்பவை. முழுமையான ‘ஆக்டிவ்’ அமைப்பு என்பது வேறு. அதில் ஹைட்ராலிக் விசையே சக்கரத்தைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும். லோட்டஸ் நிறுவனம் 1980களில் ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் அதைச் சோதித்தது. 1987இல் அயர்டன் சென்னா அத்தகைய காரில் மொனாக்கோ பந்தயத்தை வென்றார். 1992இல் வில்லியம்ஸ் அணியின் நைஜல் மான்செல் அதைக் கொண்டே உலகப் பட்டத்தை வென்றார். ஓட்டுநரின் திறனைக் கருவி விழுங்கிவிடுகிறது என்ற குரல் எழுந்து, 1994ஆம் ஆண்டுப் பந்தயங்களிலிருந்து அது தடை செய்யப்பட்டது. பந்தயக்காரர்களே வேண்டாமென்று விலக்கியதை அரூர்க் கொட்டகையில் நிற்கும் ஹெரால்டுக்கு எதற்கப்பா என்று கேட்டேன். மகன் சிரித்தான். ஆனால் விடவில்லை.

பிரச்சினை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது.

50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு மத்திய அரசு 2021இல் தனிப் பதிவு முறையைக் கொண்டு வந்தது. மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். மகன் அதற்கான தாள்களைச் சேகரிக்கத் தொடங்கினான். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அதில் இருப்பது அத்தாவின் பெயர். அத்தா 2009இல் வஃபாத்தானார்கள். (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுக்க வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மகன் மிக இயல்பாகக் கேட்டான்: “இது யாருடைய கார் வாப்பா?”

என்னுடையது என்று சொல்ல வாய் திறந்தேன். சொல் வரவில்லை.

அம்மா அத்தாவுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். வாரிசுகள் நாங்கள் மூவர். நான், வாணியம்பாடியில் இருக்கும் அக்கா, சேலத்தில் இருக்கும் தங்கை. வீட்டையும் நிலத்தையும் நாற்பதாம் நாளுக்குள்ளேயே ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் பங்கிட்டோம். சூரா நிஸாவில் அல்லாஹ் வகுத்தபடி ஆணுக்கு இரு பெண்களின் பங்கு. ஆகவே எனக்குப் பாதி, சகோதரிகள் இருவருக்கும் தலா கால். இதில் எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். காரை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. ஆண்பிள்ளை ஓட்டுகிறான், அவனிடமே இருக்கட்டும் என்று எல்லாரும் எண்ணினார்களா, அல்லது பழைய இரும்பு என்று விட்டுவிட்டார்களா, தெரியாது. நான் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். நான்கு சக்கரங்களில் இரண்டு மட்டுமே என்னுடையவை. பதினைந்து ஆண்டுகளாக நான்கையும் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டேன். கூட்டுச் சொத்தில் பங்காளியின் அனுமதியின்றிச் செய்யும் செலவுக்குப் பிறகு அவரிடம் பங்கு கேட்க முடியாது என்று முதலில் விளக்கினார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. “இப்போது போய்க் கேட்டால், ‘வைத்துக்கொள் தம்பி’ என்றுதான் சொல்வார்கள். உள்ளம் விரும்பிச் சொல்கிறார்களா, வெட்கப்பட்டுச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முதலில் விலையை மதிப்பிட்டு, பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பிறகு வேண்டாம் என்றால் அது வேறு.”

நம் சமூகத்தில் சகோதரிகளின் பங்கு இப்படித்தான் பெரும்பாலும் கரைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிப்படையாக மறுப்பவர்கள் சிலரே. கேளாமல் விடுகிறவர்கள்தாம் பலர். பிறரைச் சொல்லவில்லை, அந்தப் பலரில் நானும் ஒருவன்.

பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரைச் சேலத்திலிருந்து வரவழைத்து மதிப்பிட்டோம். தங்கைக்கு அவளுடைய கால் பங்கைப் பணமாகக் கொடுத்தேன். அவள் மகளின் கல்லூரிக் கட்டணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டாள், “அல்ஹம்துலில்லாஹ், நல்ல நேரத்தில் வந்தது அண்ணா” என்றாள். அதைக் கேட்டபோது, பதினைந்து ஆண்டுகளில் எத்தனை நல்ல நேரங்கள் கடந்திருக்கும் என்ற எண்ணம் வந்தது.

அக்கா பணத்தைத் தொடவில்லை. “எனக்கு அந்தக் காரில் பங்கும் வேண்டாம், பணமும் வேண்டாம். அந்தக் காரே வேண்டாம்” என்றார்.

காரணம் எனக்குத் தெரியும், மறந்திருந்தேன். 1978இல் ஒரு மழைநாள். அத்தாவும் அம்மாவும் அக்காவை அழைத்துக்கொண்டு சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பின் இருக்கையில் தனியாக இருந்தார். சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே மஞ்சவாடிக் கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவு. அத்தா வேகமாக வரவில்லை. எதிரே ஒரு லாரி தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்திருக்கிறார்கள். வண்டியின் பின்புறம் தானாக வெளியே வீசி, அரை வட்டம் சுழன்று, ஓரத் தடுப்புச் சுவரை உரசி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. அக்கா அதன் பிறகும் அந்தக் காரில் ஏறினார், அத்தா அழைத்தால் மறுக்க முடியாதே. ஆனால் மஞ்சவாடி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸீ ஓதத் தொடங்கிவிடுவார். அத்தா தம் ஓட்டுதலைத்தான் குறை கூறிக்கொண்டார்கள், கடைசிவரை.

இதை நான் சொன்னதும் என் மகனின் முகம் மாறியது. “அத்தாவின் தவறில்லை” என்றான். (என் அத்தாவை அவனும் அத்தா என்றுதான் சொல்வான்.) கொட்டகைக்கு அழைத்துச் சென்று, பின்புறத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினான். இரு பின்சக்கரங்களும் கால் மடக்குவது போல உட்புறமாக மடங்கித் தொங்கின. ஹெரால்டின் பின் ஆக்சில் ஒரே தண்டு அன்று. நடுவே டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் மூட்டு வைத்து, பறவைச் சிறகுபோல மேலும் கீழும் அசையும் இரண்டு அரைத் தண்டுகள். குறுக்கே கிடக்கும் ஒரே லீஃப் ஸ்பிரிங் இரு சக்கரங்களையும் தாங்குகிறது. வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று காலை எடுத்தாலோ பிரேக் மிதித்தாலோ எடை முன்னே சாய்கிறது; பின்புறம் எழும்புகிறது; வெளிப்புறச் சக்கரம் அடியில் மடங்குகிறது. டயர் முழுப் பரப்பும் பதியாமல் விளிம்பில் நிற்கிறது. பிடி போகிறது. பின் இருக்கையில் பாரம் இருந்தால் சக்கரங்கள் விரிந்து நிற்கும், ஆபத்து குறைவு. அன்று பின்னால் இருந்தது பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒன்றுதான்.

இந்தக் குறை தயாரித்தவர்களுக்குத் தெரியாததன்று. சென்னை நிறுவனமே 1972இல் ஹெரால்டை மாற்றிக் கெஸல் என்ற காரை வெளியிட்டபோது, இந்தச் சிறகு ஆக்சிலைக் கைவிட்டு, ஒரே தண்டாக உள்ள சாதாரண ஆக்சிலைப் போட்டது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரின் நான்காம் பதிப்பில் வேறு வழி கண்டார்கள். லீஃப் ஸ்பிரிங்கின் தகடுகளில் பெரும்பகுதியை இறுகக் கட்டாமல், நடுவில் ஊசலாட விட்டார்கள். வளைவில் ஸ்பிரிங் காரைத் தூக்கிவிடுவது அதனால் பெருமளவு குறைந்தது. பின்புறம் இழந்த விறைப்பை ஈடுசெய்ய முன்புறத்தில் தடிமனான ஆன்டி ரோல் பார் போட்டார்கள்.

“அப்படியானால் நீ சொன்ன மின்னணு ஷாக் இதைச் சரி செய்யுமா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். “செய்யாது வாப்பா. எவ்வளவு வேகமாக மடங்குகிறது என்பதை மாற்றும். மடங்குவதையே நிறுத்தாது.”

லுக்மான் அத்தியாயத்தில், தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரைகளில் நடையில் நடுநிலை பேணுவதும் ஒன்று. அன்றிரவு அதை நினைத்துக்கொண்டிருந்தேன். மகனிடம் சொல்லவில்லை. அவனே மறுநாள் காலையில் வேறொரு பட்டியலோடு வந்தான். ஸ்பிட்ஃபயர் வகை ஊசல் ஸ்பிரிங் ஒன்று, அதற்குரிய முன் பார், கையால் திருகி மாற்றும் ஷாக் அப்சார்பர் நான்கு. பழைய ஆணித் துளைகளிலேயே எல்லாம் உட்கார வேண்டும். சேஸிஸில் வெட்டும் கிடையாது, வெல்டிங்கும் கிடையாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி வைத்தோம். எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம்.

இது வீண்விரயமா என்றும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். “ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தால் விரயம். ஏறுகிறவர்கள் உயிரோடு இறங்க வேண்டும் என்பதற்காகச் செய்தால் இல்லை” என்றார். இரண்டும் கலந்திருந்தால் என்ன என்று கேட்கத் துணிவில்லை. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் யோசனையை மட்டும் அன்றே கைவிட்டேன்.

வேலையைச் செய்தவர் எங்கள் ஊர் மெக்கானிக். அறுபதைத் தாண்டியவர். முன்சக்கரங்களைக் கழற்றியதும் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது ஸ்பிரிங்கை அன்று. ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் சுழலும் இடத்தில், கீழே டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டு ஒன்று உண்டு. இரும்புத் தண்டின் மரை அதற்குள் திருகி நிற்கும். அதற்குக் கிரீஸ் கூடாது. கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே இறங்காது, தண்ணீர் தங்கித் துருப்பிடித்து ஒரு நாள் தண்டு முறியும், சக்கரம் படுத்துவிடும். எங்கள் வண்டியில் இரு பக்கமும் வறண்டு, ஒரு பக்கத்து மரை துருவால் அரிக்கப்பட்டிருந்தது. “அத்தா மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து 90 நம்பர் ஆயில் விட்டுக்கொண்டு போவார். நீங்கள் வந்ததே இல்லையே” என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மின்னணு சஸ்பென்ஷனைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் விவாதித்திருக்கிறோம். சில சொட்டு எண்ணெயை நான் பதினைந்து ஆண்டுகளாக மறந்திருக்கிறேன். அந்த இரு துண்டுகளும் தண்டுகளும் புதிதாக வரும்வரை வண்டி ஒன்றரை மாதம் மரக்கட்டைகளின் மேல் நின்றது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அக்கா அரூருக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், மடங்கும் சக்கரத்தையும், கெஸலையும், அத்தாவின் தவறில்லை என்பதையும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது அவர் கண் கலங்கியது. “அவர்களுக்கு இது தெரியாமலே போய்விட்டதே” என்றார். நெடுநேரம் கழித்து, “சேலத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். இதிலேயே போவோம்” என்றார். காரின் விலையைப் பற்றிக் கேட்டதற்கு, “முதலில் ஏறிப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்” என்று பதில் வந்தது. ஹஜ்ரத் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கத்தின் சாயலே இல்லாத பதில்.

மகன்தான் ஓட்டினான். பின் இருக்கையில் அக்கா மட்டும். வேண்டாம், முன்னால் உட்காருங்கள் என்றோம்; கேட்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியதும் மழை பிடித்தது. சாலை இப்போது அகலமாகிவிட்டது. அன்றைய வளைவு எது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. “இங்கே நிறுத்து” என்றார். மகன் ஓரமாக நிறுத்தினான். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, சாலையையும் மலையையும் சிறிது நேரம் பார்த்தார்.

“பின்னால் கொஞ்சம் தூக்கிப் போடுகிறது” என்றார்.

மகன் மழையில் இறங்கி, இரு பின்சக்கரங்களின் அருகிலும் குனிந்து, ஷாக் அப்சார்பர் குமிழை ஒவ்வொரு கிளிக் தளர்த்தினான். நனைந்து வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தான். அடுத்த வளைவு தொடங்கும்போதே பின்னாலிருந்து ஆயத்துல் குர்ஸீ கேட்டது. நான் முன்கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்துகொண்டு ஓதிக்கொண்டிருந்தார்.